யாரோடு சாப்பிடுகிறாய், தம்பி?

பரீட்சை நெருங்கினால் போதும், பெரிய முதலியார்சாவடியில் என் வைத்தியசாலைக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். மரக்காணத்திலிருந்து, கூனிமேட்டிலிருந்து, காலாப்பட்டிலிருந்து என்று கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் பிடித்து வருவார்கள். முன்னால் அம்மா, பின்னால் பிள்ளை. எல்லாருக்கும் ஒரே கோரிக்கைதான்: “ஐயா, ஞாபகசக்திக்கு ஏதாவது லேகியம் குடுங்க!”

சென்ற வருஷம் அப்படித்தான் ஓர் அம்மா தன் மகனைக் கூட்டி வந்தார். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. பையன் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி, பெரிய படிப்பு ஒன்றில் இரண்டாம் வருஷம். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான்.

“என்னப்பா செய்யுது?”

“தலைவலி சார். நெஞ்செரிச்சல். படிச்சது மண்டையில நிக்க மாட்டேங்குது.”

அவன் முடிப்பதற்குள் அம்மா பெருமையாக ஆரம்பித்துவிட்டார். “எம் புள்ளை தங்கம் ஐயா! சிநேகிதம் கிநேகிதம் ஒண்ணும் கிடையாது. ரூமை விட்டு வெளியவே வர மாட்டான். படிப்பு படிப்பு படிப்புதான்.”

நாடி பார்த்தேன். பித்தம் தூக்கலாக இருந்தது. கண்ணைச் சுற்றிக் கருவளையம். “ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பே?” என்றேன். “ரெண்டு, ரெண்டரை ஆகும் சார்.” “எழுந்திருக்கிறது?” “ஆறு மணிக்கு.” “சாப்பாடு?” “மெஸ்ல.” “யாரோட உட்கார்ந்து சாப்பிடுவே?”

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “தட்டை ரூமுக்கு எடுத்துட்டு வந்துடுவேன் சார். நேரம் மிச்சமாகுமில்ல?”

“கடைசியா யாரோட சிரிச்சுப் பேசினே?”

அவ்வளவுதான். இருபது வயசுப் பிள்ளை, பொலபொலவென்று கண்ணீர் விட ஆரம்பித்துவிட்டான். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கமான குணம் என்று அவர் எதைச் சொன்னாரோ, அதுதான் அந்தப் பிள்ளையின் நோய் என்பதை அவரால் உடனே நம்ப முடியவில்லை.

நம் வீடுகளில் ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் படிப்பு, இன்னொரு தட்டில் சிநேகிதம். இது ஏறினால் அது இறங்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வைத்தியன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தராசே தப்பு. கடினமாகப் படிக்கிற பிள்ளைக்கு நாலு பேரோடு பழகுவது மருந்து. மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, வேளை உண்டு. அளவு மீறினால் நஞ்சு. ஆனால், மருந்தே கொடுக்காமல் இருப்பதும் வைத்தியம் ஆகாதே!

கம்பளியைக் காட்டிக்கொடுத்த நண்பர்

படிப்பிலேயே மூழ்கிப்போன தமிழ்ப் பிள்ளை என்றால் நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருபவர் கணிதமேதை ராமானுஜன்தான். 1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காததால் மற்றப் பாடங்களில் கோட்டை விட்டார், உதவித்தொகை போயிற்று. வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. பரீட்சையில் தேற முடியவில்லை. அவரைக் கவிழ்த்த பாடங்களில் உடலியலும் ஒன்று என்பது என் போன்ற வைத்தியர்களுக்குச் சங்கடமான செய்தி!

1914-ல், தமது 26-வது வயதில் கேம்பிரிட்ஜ் போனார். அசைவம் தொடாதவர். கல்லூரிப் பந்தியில் மற்றவர்களோடு உட்காராமல் அறையிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது, காய்கறிக்கே தட்டுப்பாடு. வேலையில் இறங்கிவிட்டால் 24 மணி நேரத்துக்கு மேலும் ஒரே மூச்சாக உட்கார்ந்திருப்பாராம். அப்புறம் அடித்துப் போட்டாற்போலத் தூங்குவாராம்.

அந்தக் குளிரில் ஒருநாள் இன்னொரு இந்திய மாணவர் அவரைப் பார்க்கப் போனார். ராமானுஜன் கணப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். “ராத்திரி குளிர் தாங்குகிறதா?” என்று நண்பர் விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பதாகச் சொன்னார் ராமானுஜன். நண்பர் படுக்கையைப் போய்ப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தையின் ஓரத்தில் செருகி ஒழுங்காக விரித்திருக்கின்றன! அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது இவருக்குத் தெரியவில்லை. அந்த நண்பர்தான் செய்து காட்டினார். அவர் பெயர் பி.சி. மஹலனோபிஸ். பின்னாளில், 1931-ல், இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்.

யோசித்துப் பாருங்கள். உலகமே வியக்கிற மூளை. ஆனால், கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்று சொல்லித்தர ஒரு சிநேகிதன் வேண்டியிருந்தது! புத்தகத்தில் இல்லாத விஷயங்கள் எத்தனையோ உண்டு. அதை நண்பன்தான் சொல்வான். அதுவும் அவன் நம் அறைக்குள் வந்தால்தான் சொல்வான்.

1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். மருத்துவமனை, சானடோரியம் என்று அலைந்தார். ஊரில் மாமியார், மருமகள் மனஸ்தாபத்தில் மனைவியின் கடிதமும் அவர் கைக்கு ஒழுங்காகச் சேரவில்லை. 1918-ல் உயிரையே வெறுக்கும் நிலைக்குப் போய், தெய்வாதீனமாகத் தப்பினார். அதே வருஷம்தான் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார்! பட்டமும் பெருமையும் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்க, உள்ளே மனுஷன் உடைந்து கிடந்தார். 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சென்னையில் காலமானார்.

தனிமைதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அது வைத்தியன் சொல்லக்கூடிய பேச்சல்ல. அந்தக் காலத்தில் காசநோய் என்றார்கள். ஈரலில் அமீபாக் கிருமியால் வந்த நோயாக இருக்கலாம் என்று 1990-களில் ஒரு டாக்டர் ஆராய்ந்து சொன்னார். ஆனால் ஒன்று: வேளைக்குச் சோறு, தூக்கம், பேச்சுத்துணை மூன்றும் குறைந்த உடம்பு எந்த நோயையும் எதிர்த்து நிற்கத் திணறும். ராமானுஜனே தாங்காத வாழ்க்கையை நம் வீட்டுப் பிள்ளை தாங்குவானா?

அடக்கக்கூடாத பதினான்கு

சித்த மருத்துவத்தில் ‘பதினான்கு வேகங்கள்’ என்று உண்டு. உடம்பில் தானாக எழும்புகிற உந்துதல்கள். மலம், சிறுநீர், கீழ்க்காற்று, தும்மல், இருமல், கொட்டாவி, வாந்தி, மூச்சு, விந்து, பசி, தாகம், தூக்கம், களைப்பு, கண்ணீர். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர்கள் வைத்த சட்டம்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மாணவனின் ஒரு நாளைப் பாருங்கள். காலை டிபனை விடுகிறான்: பசியை அடக்குகிறான். டீயும் காபியும் குடித்து விழித்திருக்கிறான்: தூக்கத்தை அடக்குகிறான். மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி, ராத்திரி பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். அதனால், பிறகு தூங்க நினைத்தாலும் தூக்கம் வராது. பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். கல்லூரிக் கழிவறையும் பஸ் பயணமும் சரியில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை, சிறுநீரையும் அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பு என்று என்னிடம் வருகிறவர்களில் கல்லூரிப் பெண்கள் நிறைய.

கடைசியில் நிற்பது கண்ணீர். சித்தர்கள் இதையும் சேர்த்து எழுதிவைத்தார்களே, அங்கேதான் அவர்கள் பெருமை. அழுகையை அடக்கினால் தலை, கண், வயிறு என்று நோயாக வெளியே வரும். ஆனால் அழுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே! பசிக்கு மெஸ் இருக்கிறது, தூக்கத்துக்குக் கட்டில் இருக்கிறது. கண்ணீருக்கு ஒரு தோள் இருந்தால்தான் முடியும். அப்பாவிடம் சொல்லமுடியாது, கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னால் பயந்துவிடுவார். பக்கத்துக் கட்டில் பையனிடம்தான் சொல்லமுடியும். அந்தப் பையனோடு பழகாதே என்று நாம் சொல்லி அனுப்பியிருக்கிறோம்!

சேர்ந்து படித்தால் ஏறும்

நான் சித்த மருத்துவம் படித்த காலத்தில் முதல் வருஷம் உடற்கூறு பாடத்தில் தோற்றேன். யாரோடும் சேராமல் ராத்திரி பகல் மனப்பாடம் செய்தும் தோற்றேன். மறுபடி எழுதியபோது நாலு பேர் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்காருவோம். ஆளுக்கொரு எலும்பு. கையில் வைத்துக்கொண்டு, புத்தகம் பார்க்காமல் மற்ற மூன்று பேருக்கும் சொல்லவேண்டும். தடுமாறினால் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தே பாடம் பதிந்தது. இன்று கல்வி ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்: திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து சொல்லிப்பார்ப்பதுதான் மனதில் நிற்கும். படித்ததை மூளை அடுக்கிவைப்பதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் இன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம். நாலு மணி நேரம் தூங்கிவிட்டு வல்லாரை லேகியம் தின்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். வல்லாரை நல்ல மூலிகை. நானே கொடுக்கிறேன். ஆனால், தூக்கத்துக்குப் பதில் வல்லாரை என்று எந்தச் சித்தரும் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு, “பார்த்தீங்களா, டாக்டரே சொல்லிட்டாரு!” என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வாரம் நாலு நாள் சினிமா, பீச், பர்த்டே பார்ட்டி, விடிய விடிய செல்போனில் அரட்டை என்று ஆறு பேப்பர் அரியர் வைத்திருக்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கும் அதே தலைவலி, அதே நெஞ்செரிச்சல், அதே தூக்கமின்மை! ஆயிரம் பேர் போனில் இருந்தும், மனசு விட்டுப் பேச ஒருவர் இல்லை என்று அவர்களும் அழுகிறார்கள். கூட்டம் வேறு, சிநேகிதம் வேறு.

எங்கள் பக்கத்து உப்பளத்தில் இதற்குப் பாடம் இருக்கிறது. கழியின் உப்புத் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சி வெயிலில் காய விடுவார்கள். பக்குவம் 25 டிகிரியைத் தொட்டால் உப்பு பூக்க ஆரம்பிக்கும். இன்னும் காயட்டும், இன்னும் உப்பு கிடைக்கட்டும் என்று பேராசைப்பட்டு 30 டிகிரியைத் தாண்ட விட்டால், மக்னீசியம் சேர்ந்து உப்பே கசந்துபோகும். அதனால் அந்தக் கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார்கள். அதே சமயம் மழை கொட்டினால் பாத்தியில் ஒரு கல் உப்பும் மிஞ்சாது. வெயிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். எது எப்போது எவ்வளவு என்பதுதான் கைப்பக்குவம். அந்தப் பையனின் அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். “புள்ளையை முப்பது டிகிரிக்கு மேல காய விட்டுட்டீங்க மேஸ்திரி” என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார்.

அளவு என்ன?

மாணவர்களுக்கு நான் எழுதிக்கொடுக்கிற சீட்டு இதுதான்.

தூக்கம் ஏழு மணி நேரம். இதில் பேரம் கிடையாது. படிப்பும் சிநேகிதமும் மிச்சமுள்ள நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பாடு. அந்த அரைமணி நேரம் செல்போன் பையில் இருக்கட்டும்.

சாயங்காலம் முக்கால் மணி நேரம் விளையாட்டோ நடையோ. துணையோடு போனால் உடம்புக்கும் ஆச்சு, பேச்சுக்கும் ஆச்சு.

வாரத்தில் அரைநாள் புத்தகத்தைத் தொடாத நாள். எண்ணெய்க் குளியலை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தால் பித்தச் சூடு தணியும். சளி, காய்ச்சல் இருந்தால் வேண்டாம். பரீட்சைக்கு முந்தின நாளும் வேண்டாம். குளித்த அன்று பகலில் தூங்கக்கூடாது.

“வர முடியாதுடா, படிக்கணும்” என்று சொல்லப் பழகுங்கள். அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்கிறவன் நண்பன் இல்லை. அதே மாதிரி, நாலு முறை கூப்பிட்டால் ஒரு முறையாவது போங்கள்.

பெற்றோருக்கு ஒரே ஒரு மருந்து. போன் பண்ணினால் எடுத்த எடுப்பில் “படிச்சியா? எவ்வளவு மார்க்?” என்று கேட்காதீர்கள். “இன்னிக்கு யாரோட சாப்பிட்டே?” என்று கேளுங்கள். பதிலிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். மகள் விஷயத்தில் இன்னொன்று. கல்லூரி விட்டால் வீடு, வீடு விட்டால் கல்லூரி என்று வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். சிநேகிதிகளை வீட்டுக்கு வரவழைத்து ஒரு காபி கொடுங்கள். அதைவிடப் பெரிய பாதுகாப்பு ஏது?

இது வெறும் வீட்டு விஷயமும் இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. 25,590 இளநிலை மருத்துவ மாணவர்கள் பதில் சொன்ன அந்த ஆய்வில், 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலக் குறை இருப்பதாகச் சொன்னார்கள். கால்வாசிக்கும் மேல்! நாளைக்கு நமக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் இவர்கள். பயிற்சி மருத்துவர்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும், தினம் ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அந்தக் குழு சிபாரிசு செய்தது. உயர்கல்வி மாணவர்களின் தற்கொலைகளைத் தடுக்க வழி காண, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. கோர்ட்டு வரை போன பிறகும், “சிநேகிதம் எல்லாம் படிச்சு முடிச்சப்புறம்” என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமா?

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை, “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சு வருகிறது என்றால், லேகியத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். என்னிடமும் வரவேண்டாம். நேரே மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். மத்திய அரசு 2022-ல் ஆரம்பித்த ‘டெலி மானஸ்’ சேவை அது. தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கால் ஒடிந்தால் கட்டுப் போடுவதில்லையா?

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நெஞ்செரிச்சலுக்கு மருந்து கொடுத்தேன். மேலே சொன்ன சீட்டையும் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து வந்தான். ஒரு பேப்பர் அரியர் இன்னும் பாக்கிதான்; மறைக்காமல் சொன்னான். ஆனால், முகத்தில் தெளிவு இருந்தது. பின்னால் ஒல்லியாக இன்னொரு பையன் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தான்.

“இவன் என் ரூம்மேட் சார். திருநெல்வேலிப் பக்கம். சரியா சாப்பிடறதே இல்லை, ராத்திரி எல்லாம் முழிச்சுக்கிட்டே இருக்கான். அதான், உங்ககிட்ட காட்டலாம்னு கூட்டியாந்தேன்.”

நான் அன்று அவனுக்கு நாடி பார்க்கவே இல்லை. அவன் குணமாகிவிட்டான் என்பதற்கு வேறு நாடி எதற்கு?